சம்மந்தி வீட்டு நல்ல தேத்தண்ணி

அத்தியாயம் பதினாறு

அன்று பூசைக்கு பிரான்சிஸ்கா உடுத்திக்கொண்டு போனது நல்ல சேலை. மனம்தான் நல்லாயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவளுடைய மகள் பிறின்சிக்கும் அமிர்தநாயகத்தின் மகன் றொட்னிக்கும் முதலாம் கலியாண ஓலை வாசித்து முடிந்த கையோடு, ஊரெல்லாம் பார்த்திருக்க, அமிர்தநாயகம் அவளிடம் வந்தார். வந்தவர் கலியாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

"சம்மந்தி, எங்கட வீட்டுத்திட்டச் சங்கத்துக்கு உப தலைவர் இல்லாமல் கிடக்கு. நிர்வாகக் குழுவுக்கு நீங்கள் வரவேணும்" என்றார்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள் பிரான்சிஸ்கா.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுக்கு யோசிப்பது என்றால் சந்தேகப்படுவது. ஏன் என்னைக் கேட்டார்? ஏன் இப்போது கேட்டார்? ஏன் கோயில் வாசலில் வைத்துக் கேட்டார்? கறிக்கு மீன் வெட்டும்போதும் இதே கேள்வி, மன்னார் ரவுணில் தையல் கடையில் மெஷின் மிதிக்கும்போதும் இதே கேள்வி.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்த காலத்தில் அவளுடைய அப்பாவை ஒருநாள் நாலு பேர் சிரித்த முகத்தோடு வந்து முகாம் தலைவராக்கினார்கள். கொஞ்ச நாளில் முகாமிலிருந்து யாரோ படகேறிப் போய்விட, விசாரணைக்கு இழுபட்டவர் தலைவர்தான். சிரித்த நாலு பேரையும் அந்தப் பக்கம் காணவில்லை. அன்றைக்கு அவள் ஒன்று படித்துக்கொண்டாள்: பதவி என்று கொண்டுவந்து தருகிறவன் கையில் வேறு ஏதோ சுமை இருக்கிறது.

கோயிலுக்குள் கடற்காற்று யன்னல்களை அடித்துக்கொண்டிருந்தது. மடுத் திருநாள் முடிந்தும் சோளகக் காற்று ஓயவில்லை. பூசை முடியும் தறுவாயில், கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிக்கிற ஓலையில் இரண்டாவதைச் சுவாமி எடுத்தார்.

"...இவர்களுடைய விவாகத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

பின்வரிசை வாங்கிலில் யாரோ இருமினார்கள். பிரான்சிஸ்கா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். ஒரு கிழவர். உண்மையான இருமல்தான் போலிருந்தது. இருந்தாலும் அவருடைய முகத்தை மனதில் குறித்து வைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் பிறின்சி கைலேஞ்சித் துணியை முறுக்கிக்கொண்டிருந்தாள். முறுக்கிய முறுக்கில் அது கயிறாகியிருந்தது. கலியாணப் பெண்ணுக்கு வெட்கம் என்று தாய் நினைத்தாள். ஊரிலுள்ள அத்தனை பேரையும் சந்தேகப்படுகிற மனுசிக்கு அந்தக் கைலேஞ்சியில் மட்டும் சந்தேகம் வரவில்லை. பிள்ளை விசயத்தில் தாய்மார் அப்படித்தான்.

வெளியே வந்ததும் அமிர்தநாயகம் காத்துக்கொண்டு நின்றார். கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்து இளைப்பாறியவர், இப்போது வீட்டுத்திட்டச் சங்கத்தின் தலைவர். எந்த வெயிலிலும் கசங்காத சேர்ட்.

"வீட்டுக்கு வாங்கோ சம்மந்தி. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"இவரும் பிள்ளையும்..."

"அல்பிரட்டுக்குச் சொல்லிட்டன். அவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டை போறாராம்."

தன்னைத் தனியாகப் பிரித்தெடுத்துவிட்டார் என்று பிரான்சிஸ்கா கணக்குப் போட்டுக்கொண்டாள். ஓலை வாசிக்கிற காலத்தில் சம்மந்தி வீட்டுத் தேத்தண்ணியை மறுக்க முடியாது. மறுத்தால் அடுத்த வீட்டுக்குக் கதை போகும். போனாள்.

அவர்கள் இருக்கும் வீட்டுத்திட்டம் தாராபுரத்தைத் தாண்டி, பனைகளுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து திரும்பி வந்தவர்கள், மன்னார்த் தீவை விட்டுப் போகாமல் கிடந்தவர்கள், புத்தளம் பக்கமிருந்து திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் என்று எல்லாரும் கலந்த இடம். தெருவிளக்கு, முன்பள்ளி, குப்பை என்று சங்கத்துக்குப் பல வேலை. ஆனால் பெரிய வேலை ஒன்றுதான். முன்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல தண்ணிக் கிணற்றைக் காப்பது.

தீவு மண்ணில் நல்ல தண்ணி மெல்லிய படலமாக மேலே நிற்கும். கீழே உப்பு. வாளியும் கயிறும் விட்டு அள்ளினால் மேல் தண்ணி மட்டும் வரும். மோட்டர் போட்டு இழுத்தால் கீழே கிடக்கிற உப்பு எழும்பி வரும். அதனால் அந்தக் கிணற்றில் யாரும் மோட்டர் போடக்கூடாது. சங்கம் பதிவதற்கு முந்தியே இருந்த சட்டம் அது.

யாரோ போட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளாகக் கிணறு சவர்த்துக் கிடக்கிறது. எந்த வீட்டிலும் தேத்தண்ணியை வாயில் வைக்க முடியாது. மாப்பால் கரைத்தால் திரைந்து போகிறது. சீனியை அள்ளிக் கொட்டினாலும் நாக்கின் அடியில் கடல் நிற்கிறது. மாரி மழை வந்தால்தான் கிணறு நல்ல தண்ணிக்குத் திரும்பும். மழைக்கு இன்னும் மாதக்கணக்கில் கிடக்கிறது.

அமிர்தநாயகத்தின் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, றொட்னியின் தாய் கொண்டுவந்து தந்த தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்ததும் பிரான்சிஸ்காவுக்குப் புரையேறப் பார்த்தது.

அருமையான தேத்தண்ணி.

பால் திரையவில்லை. சவர் இல்லை. தேயிலையின் மணம் அப்படியே இருந்தது. கிணற்றுக்கு ஆகக் கிட்டிய வீட்டில், ஊரில் இல்லாத தேத்தண்ணி.

"தேத்தண்ணி நல்லாயிருக்கு சம்மந்தி" என்றாள்.

"எல்லாம் அவவின்ர கைப்பக்குவம்" என்று சிரித்தார் அமிர்தநாயகம்.

கைப்பக்குவம் கிணற்றைத் திருத்துமா?

"எந்தக் கிணத்துத் தண்ணி?"

றொட்னியின் தாய் புருசனைப் பார்த்தாள். புருசன் சுவரிலிருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்தார்.

"உயிலங்குளத்தில என்ர தங்கச்சி வீட்டில இருந்து பிளாஸ்ரிக் கானில வருது. இவவுக்குப் பிரசர். உப்புத் தண்ணி கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்."

"எப்ப இருந்து கொண்டு வாறியள்?"

"அது... கொஞ்ச நாளா."

கிணறு சவர்க்கத் தொடங்கியதும் கொஞ்ச நாளாகத்தான். கான் தண்ணி வரத் தொடங்கியது கிணறு கெட முந்தியா, பிந்தியா என்று கேட்க அவளுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினாள்.

அமிர்தநாயகம் கதிரையை முன்னுக்கு இழுத்தார். குரல் இறங்கியது.

"பின்னேரம் முன்பள்ளியில கூட்டம். ஜுனைதீன் கிணத்துக் கதையை எடுக்கப்போறார். குழு விசாரிக்கட்டும் எண்டு நான் சொல்லுவன். குழுவில நீங்கள் இருந்தால் எங்கட ரெண்டு வீட்டுக்கும் நல்லது. சில கதையள் உள்ளுக்குள்ளேயே முடிஞ்சிடும்."

"என்ன கதையள்?"

"பொதுவாச் சொல்லுறன் சம்மந்தி."

"பொதுவான கதை எண்டால் ஏன் உள்ளுக்குள்ள முடியவேணும்?"

அவர் கோப்பையை எடுத்துத் தன் தேத்தண்ணியைக் குடித்தார். வெறும் கோப்பை. எப்போதோ குடித்து முடித்துவிட்டார் என்பதை அவள் கவனித்தாள்.

வெளியே வந்தபோது அவளுக்குக் கால் நிலத்தில் படவில்லை. கள்ளனைப் பிடித்துவிட்டேன் என்ற கொதிப்பு. இவர்தான். மோட்டரைப் போட்டு இறைத்து, காற்றாலைக்கு ரோட்டுப் போடுகிற எந்தக் கொந்தராத்துக்காரனின் தண்ணிப் பவுசருக்கோ விற்றிருக்கிறார். கிணறு கெட்டதும் தான் மட்டும் நல்ல தண்ணி குடிக்கிறார். இப்போது சம்மந்தியைக் குழுவில் இருத்தி வாயை அடைக்கப் பார்க்கிறார். அப்படியென்றால் கலியாணம்? அதுவும் வாயை அடைக்கத்தானா? அந்த நினைவு வந்ததும் கொதிப்பு வடிந்துவிட்டது.

சந்தியில் ஜுனைதீன் கடைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். சீனி, பருப்பு, தேங்காயெண்ணெய் விற்கிற கடை. பலகையில் இரண்டு பேர் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். இப்போது யாரும் குடிப்பதில்லை.

"என்ன அக்கா, தலைவர் வீட்டுப் பக்கமிருந்து வாறீங்க?"

"ஓம் நானா. சும்மா."

"சும்மாப் போறதுக்கு நல்ல வீடுதான்." ஜுனைதீன் ஒரு முறை கிணற்றுப் பக்கம் பார்த்தார். "கிணத்துக் கட்டைப் பார்த்தீங்களா? பாசியில ஒரு தழும்பு கிடக்கு. கயிறு உரஞ்சின தழும்பு இல்ல. பைப்பை இழுத்த தழும்பு. நட்ட நடு மத்தியானம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போட்டிருக்கிறாங்க."

"ஆர் எண்டு நினைக்கிறியள்?"

"கிணத்துக்குக் கிட்ட ஆருட வீடு?"

அவள் தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். ஜுனைதீன் கேட்டார்:

"நீங்க குழுவுக்கு வரப்போறதாக் கதை. கோவிக்கப்படாது அக்கா. நாளைக்கு ஒரு நியாயம் எண்டு உங்கட்ட வந்தா, நான் உபதலைவரிட்டக் கேக்கிறதா, தலைவர்ட சம்மந்தியிட்டக் கேக்கிறதா?"

முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. அறைந்தவர் மேல் கோபமும் வரவில்லை. அவர் கேட்டது சரி.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுமுன்பே தொடங்கிவிட்டாள். அல்பிரட் வாசலில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கடலில் எந்தக் காற்றுக்கும் பயப்படாத மனிதர். கரையில் பெண்சாதியின் குரல் உயர்ந்தால் மட்டும் குனிந்த தலை நிமிராது.

"இஞ்சருங்கோ, உங்கட சம்மந்திதான் தண்ணிக் கள்ளன்."

"மெதுவாக் கதை சிஸ்கா."

"ஏன் மெதுவா? பின்னேரம் கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால கேக்கப்போறன். குழுவுமில்லை, கிழுவுமில்லை. ஊர்க் கிணத்தை வித்துச் சாப்பிட்ட ஆளின்ர பக்கத்தில என்னால கதிரை போட்டு இருக்க ஏலாது."

அல்பிரட்டின் கையில் ஊசி நின்றுவிட்டது. குசினிக்குள் சட்டி மூடி ஒன்று விழுந்து, சுற்றிச் சுற்றி அடங்கியது.

பிறின்சி வாசலுக்கு வந்தாள். முகத்தில் இரத்தமில்லை.

"அம்மா, கேக்காதேங்கோ."

"பார், பார்! மூண்டாம் ஓலை இன்னும் வாசிக்கேல்லை. அதுக்குள்ள மாமனாருக்குக் காவல்."

"மாமா இல்லை அம்மா."

"பின்னை ஆர்?"

"றொட்னி."

பிரான்சிஸ்கா செருப்போடு நின்றாள்.

"அவர் விக்கேல்லை அம்மா" என்று பிறின்சி அழத் தொடங்கினாள். "ஒருத்தருக்கும் விக்கேல்லை. எங்களுக்குத்தான்."

அவள் கைகாட்டிய பக்கம் புது வீடு நின்றது. தங்கள் காணியில் பாதியைப் பிரித்துக் கட்டுகிற வீடு. பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் இந்தக் கரையில் கலியாணம் இல்லை. சீதன வீடு முடியாமல் தாலி ஏறினால் காலம் முழுக்கக் கதை கேட்க வேண்டும் என்று பிரான்சிஸ்கா பொழுது விடிந்தால் பொழுதுபட்டால் சொல்லிக்கொண்டிருந்தாள். மேசன் தனஞ்சயனிடமும் கட்டளை போட்டிருந்தாள்: "சவர்த் தண்ணி ஒரு சொட்டும் சேர்க்கப்படாது தம்பி. கம்பி கறள் பிடிச்சு, என்ர பிள்ளையின்ர தலையில கூரை இறங்கும். நல்ல தண்ணிதான் வேணும்."

"கொங்கிறீட் போடுற அண்டைக்குச் சொன்ன பவுசர் வரேல்லை அம்மா. சீமெந்து கலக்கக் கொட்டியாச்சு. ஆக்களும் நிக்கினம். அண்டைக்கு விட்டா தனஞ்சயன் அண்ணை வேற வேலைக்குப் போயிடுவார். றொட்னி எங்கேயோ இருந்து ஒரு மோட்டர் எடுத்துக்கொண்டு வந்தார். கரண்ட் முன்பள்ளியில இருந்து... திறப்பு என்னட்டத்தானே."

முன்பள்ளி ரீச்சர் பிறின்சி. பூட்டின் திறப்பு அவளுடைய கைப்பையில்தான் எப்போதும் கிடக்கும்.

"ஒருநாள்தானே போட்டியள்?"

பிறின்சி தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"கொங்கிறீட் காயாமல் நாள் முழுக்கத் தண்ணி நிக்கவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். பிறகும் மத்தியானத்தில போட்டம். நீங்கள் மன்னாருக்குப் போயிருக்கிற நேரம்."

"பவுசர் வந்தது எண்டு சொன்னாயே!"

"ஒவ்வொரு நாளும் கேட்டியள் அம்மா. 'நல்ல தண்ணியோ, நல்ல தண்ணியோ' எண்டு. பயத்தில ஓம் எண்டு சொன்னன்."

"மோட்டர் போட்டால் சவர் ஏறும் எண்டு உனக்குத் தெரியாதோ?"

"நான் முகாமில பைப் தண்ணி குடிச்சு வளர்ந்தனான் அம்மா. நீங்கள் சொல்லியிருக்கிறியள்தான். கொஞ்சத் தண்ணி எடுத்தால் என்ன ஆகும் எண்டு நினைச்சன். றொட்னிக்குத் தெரியும். அவருக்கும் வேற வழி தெரியேல்லை. நீங்கள் சொன்ன நாளுக்குள்ள வீட்டை முடிச்சுத் தரவேணும் எண்டு நிண்டவர்."

பிரான்சிஸ்கா புருசன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு இது தெரியுமோ?"

அல்பிரட் வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒருநாள் பைப்பைக் கண்டனான். கேக்கேல்லை."

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் எனக்குத் தெரிஞ்சிடும். பிறகு உனக்கும் தெரிஞ்சிடும்."

வேறு நாளென்றால் இந்தப் பதிலுக்கு ஒரு கிழமைக்குச் சமையல் இருந்திருக்காது. இன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லாமல் புது வீட்டுக்குள் போனாள். கதவு இன்னும் போடவில்லை. தூணைக் கையால் தடவினாள். வழுவழுவென்று, உறுதியாக, அழகாக இருந்தது. நல்ல தண்ணியில் குழைத்த தூண்.

அவளுக்கு வெட்கம் வந்தது. யாரும் இல்லாத வீட்டுக்குள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பவுசர்காரனைச் சந்தேகப்பட்டாள். காற்றாலைக்கு ரோட்டுப் போடுகிறவர்களைச் சந்தேகப்பட்டாள். கோயிலில் இருமிய கிழவரைச் சந்தேகப்பட்டாள். ஊரிலே ஒரு வீட்டு வாசலையும் விட்டுவைக்காதவள், தன் வளவுக்குள் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லா வீட்டுத் தேத்தண்ணியையும் திரைய வைத்தது அவளுடைய அவசரம்.

பிறின்சி பின்னால் வந்து நின்றாள்.

"றொட்னி தகப்பனிட்டச் சொல்லிட்டார் அம்மா. நீங்கள் குழுவுக்கு வந்தால் மாமா எல்லாத்தையும் சமாளிப்பாராம். ஒருத்தருக்கும் தெரியவராதாம்."

பிரான்சிஸ்கா முகத்தைத் துடைத்தாள். அழுகை நின்றதும் பழைய குணம் தன்பாட்டில் திரும்பி வந்தது. அது வந்தது நல்லதாய்ப் போயிற்று.

"சமாளிப்பார். பிறகு?"

"பிறகு என்ன?"

"உனக்கும் அந்தச் சனத்துக்கும் ஒரு நாள் வாய்த்தர்க்கம் வரும். வராத குடும்பம் இல்லை. அண்டைக்கு முதல் வாற கதை என்ன தெரியுமோ? 'உன்ர வீட்டுக்காக என்ர பிள்ளை ஊர்க் கிணத்தைக் கெடுத்தவன். நாங்கள் மூடி மறைச்சுக் காப்பாத்தினாங்கள்.' நான் குழுவில இருந்துகொண்டு ஒவ்வொரு கூட்டத்திலயும் அவர் கை உயர்த்தினால் உயர்த்தவேணும், இறக்கினால் இறக்கவேணும். கயிறு அவற்ற கையில பிள்ளை. என்ர கழுத்திலயும் உன்ர கழுத்திலயும்."

"மாமா அப்படிப்பட்டவர் இல்லை."

"இல்லாமல் இருக்கலாம். மகனைக் காப்பாத்த நினைச்ச தகப்பன்தான். நானும் உன்னைக் காப்பாத்தத்தான் நினைப்பன். ஆனா கயிறைக் கையில வைச்சிருக்கிற ஆள் ஒருநாள் இழுத்துப் பாக்காமல் விடமாட்டார்."

"அப்ப என்ன செய்யப்போறியள்?"

அவள் இரண்டு வழியையும் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தாள்.  கூட்டத்தில் எழும்பிச் சொன்னால் மூன்றாம் ஓலை நின்றுபோகும். சொல்லாமல் விட்டால் மூன்றாம் ஓலை முடிந்து, மகள் கயிற்றோடு கலியாணம் முடிப்பாள்.

பின்னேரம் முன்பள்ளி நிரம்பி வழிந்தது. பெரியவர்களுக்குக் கதிரை இல்லை. பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் கழுதைகளும் பூக்களும் வரைந்த தாள்கள் காற்றில் அடித்தன. யன்னலோரம் ஒரு பிளக் பொயின்ற். பிரான்சிஸ்காவின் கண் அதிலேயே போய் நின்றது. பார்வையைக் கஷ்டப்பட்டுப் பிடுங்கி எடுத்தாள்.

பிறின்சி மூலையில் தலைகுனிந்து இருந்தாள். றொட்னி வாசலோரம் நின்றான். ரீச்சரின் பெரிய கதிரையில் அமிர்தநாயகம்.

"முதல் விசயம், உபதலைவர் தெரிவு" என்று தொடங்கினார் அவர். கிணற்றுக் கதைக்கு முந்தி தெரிவை வைத்துவிட்டார். பிரான்சிஸ்கா அதைக் கவனித்தாள். "பிரான்சிஸ்கா அவர்களை நான் முன்மொழியிறன். ஆராவது வழிமொழியுங்கோ."

ஜுனைதீன் எழும்பினார்.

"வழிமொழியிறதுக்கு முதல் ஒரு கேள்வி. அக்காட்டத்தான். கிணத்துக்கு மோட்டர் போட்ட ஆளை, ஆராயிருந்தாலும், நீங்க கண்டுபிடிப்பீங்களா?"

"அது அடுத்த விசயம் ஜுனைதீன்" என்று அமிர்தநாயகம் கையை உயர்த்தினார். "அதைக் குழு பாக்கும்."

"குழுவுக்கு ஆர் வாறாங்க எண்டு பார்த்துட்டுத்தானே குழுவிட்ட விடலாம்?"

சனத்தில் ஒரு சலசலப்பு. பிரான்சிஸ்கா எழும்பினாள். குட்டிக் கதிரை சேலையோடு கொழுவிக்கொண்டு அவளோடு எழும்பியது. பின்னாலிருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவள் கதிரையைப் பிரித்துக் கீழே வைத்தாள். அந்தச் சின்ன நேரத்தில் முடிவு வந்துவிட்டது.

"கண்டுபிடிச்சிட்டன் நானா."

சிரிப்பு நின்றது.

"சம்மந்தி..." என்றார் அமிர்தநாயகம், மெல்ல.

"அந்தத் தண்ணி என்ர மகளின்ர வீட்டுக் கொங்கிறீட்டுக்குள்ள கிடக்குது. வந்து தடவிப் பாருங்கோ. நல்ல தண்ணிதான் வேணும் எண்டு பிடிவாதமா நிண்டவள் நான். நாள் குறிச்சு நெருக்கினவளும் நான். மோட்டரை ஆர் தூக்கிக்கொண்டு வந்தது எண்டு கேக்காதேங்கோ. வீடு என்ர வீடு. பிழையும் என்ர பிழை."



அமிர்தநாயகம் கண்ணாடியைக் கழற்றி சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்தார். முகம் சாம்பலாகியிருந்தது.

"நான் உங்களுக்கு நல்லது செய்யத்தான் பாத்தனான்" என்றார்.

"தெரியும் சம்மந்தி. அதாலதான் பயந்தனான்."

அவர் எழும்பினார். யாரையும் பார்க்காமல் நடந்தார். வாசலில் மகனைக் கடக்கும்போது, "றொட்னி, வா" என்று மட்டும் சொன்னார். வெளியே மோட்டர்சைக்கிள் ஸ்ராட் ஆகியது.

ஜுனைதீன் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு சனத்தைப் பார்த்துச் சொன்னார்:

"நான் வழிமொழியிறன். ஆனா ஒரு நிபந்தனை. மழை வந்து கிணறு திரும்பிற வரைக்கும் அந்தப் புது வீட்டுக்குள்ள ஒருத்தரும் குடிபோகப்படாது. ஊர் சவர்த் தண்ணி குடிக்கிற காலத்தில அந்த வீட்டில விளக்கு எரியப்படாது. இதைக் காவல் பார்க்கிற வேலையும் உபதலைவருக்குத்தான். சம்மதமா அக்கா?"

வீடு பூட்டிக் கிடந்தால் கலியாணம் எங்கே? அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது விளங்கியது. அல்பிரட் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திப் பெண்சாதியைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லப் பார்த்தாரா, சொல்லு என்று பார்த்தாரா, அவருக்குத்தான் வெளிச்சம்.

"ஓம்" என்றாள் பிரான்சிஸ்கா. "நான் வாறன் குழுவுக்கு."

கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும் அல்ல. போதுமான கைகள்.

வெளியே மோட்டர்சைக்கிள் போகவில்லை. பின் இருக்கை வெறுமையாக, நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு நின்றது. தகப்பன் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தார். றொட்னி வாசலை விட்டு அசையவில்லை. தகப்பனின் முதுகைப் பார்த்தான். பிறகு முன்பள்ளிக்குள் பார்த்தான். மூலையில் இருந்த பிறின்சி எழும்பி நின்றாள். அவனைக் கூப்பிடவில்லை. கைலேஞ்சி நிலத்தில் விழுந்து கிடந்தது.

பிரான்சிஸ்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து யாரையும் முழுதாக நம்பியறியாத மனுசி, ஒருவனை நம்பவேண்டும் என்று இவ்வளவு ஆசைப்பட்டது அன்றைக்குத்தான்.